கடலடியில் மூச்சு: ஒரு ரெகுலேட்டரின் வரலாறு



போன வாரம் நம் குடும்பக் குழுவில் பேத்தி முறையாகும் ஒரு சுட்டிப் பெண் கேட்டாள். "தாத்தா, கடலுக்கு அடியில நீந்துறவங்க முதுகுல சிலிண்டர் கட்டியிருக்காங்களே, அதுலருந்து காத்து பீய்ச்சி அடிக்காதா? எப்படி மெதுவா மூச்சு வருது?" நான்கு பேர் கைதட்டும் படம் போட்டார்கள். பதில் யாரும் சொல்லவில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன், நீண்டு போய்விட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கண்மாயில் ஆண்டுக்குச் சில மாதம் தண்ணீர் நின்றாலே பெரிது என்றிருக்கும் கரிசல்காட்டுக்காரருக்குக் கடலடி மூச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். இந்தக் கதையில் நம் பக்கத்துக் கடல் வருகிறது. நம் தாத்தாக்கள் ஏறிய கரி பஸ் வருகிறது. கொத்தனார் கையிலிருக்கும் மட்டக் குழாயும் வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அதில் இருப்பது நாம் இழுக்கிற இதே சாதாரணக் காற்றுதான். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தி அடைத்திருப்பார்கள். அதை அப்படியே வாயில் விட்டால் நுரையீரல் கிழிந்துவிடும். அதை மூச்சுக்கு ஏற்றதாக மாற்றித் தருவதுதான் ரெகுலேட்டர்.

சினிமாவில் கதாநாயகன் நாணல் குழாயை வாயில் வைத்துக் குளத்துக்கு அடியில் மணிக்கணக்கில் ஒளிந்திருப்பார். அது நடக்காது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் நெஞ்சை அமுக்கும் பாரத்தை எதிர்த்து மேலிருந்து காற்றை இழுப்பது மிகச் சிரமம், சில மூச்சுக்கு மேல் தாங்காது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல 2 மடங்கு, 20 மீட்டரில் 3 மடங்கு. ஆகவே எந்த ஆழத்தில் ஆள் இருக்கிறாரோ, அந்த ஆழத்து அழுத்தத்திலேயே காற்று வாய்க்கு வர வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. இழுக்கும்போது வர வேண்டும், விடும்போது நிற்க வேண்டும்.

இந்த வேலையைச் செய்யும் கருவியை முதலில் யோசித்தவர் கடல்காரர் அல்லர். பிரான்சு நாட்டில் எஸ்பாலியோன் என்ற ஊரைச் சேர்ந்த சுரங்கப் பொறியாளர் பெனுவா ரூக்கைரோல். சுரங்கத்தில் நச்சுக் காற்று நிறைந்தால் உள்ளே மாட்டியவரைக் காப்பாற்றப் போகிறவர் மூச்சு விட வேண்டுமே! அதற்காக 1860இல் அவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு பெட்டியில் அழுத்திய காற்று, மேலே ஒரு சவ்வு, சவ்வோடு இணைந்த வால்வு. ஆள் மூச்சை இழுத்தால் சவ்வு உள்ளே குழிந்து வால்வைத் திறக்கும். நிறுத்தினால் மூடும். ஒகுஸ்த் தெனேரூஸ் என்ற கடற்படை அதிகாரியுடன் சேர்ந்து 1864 வாக்கில் இதையே கடலடிக்கு ஏற்றதாக மாற்றினார்கள். பெரும்பாலும் மேலே படகிலிருந்து பம்பு அடிக்க, குழாய் வழியே முதுகுப் பெட்டிக்குக் காற்று வரும்.

இந்தக் கருவி கற்பனையில் நம் மன்னார் வளைகுடாவுக்கு உடனே வந்துவிட்டது என்றால் நம்புவீர்களா? ஜூல் வெர்ன் எழுதி 1870இல் நிறைவுற்ற கடலடிப் பயணக் கதையில், கேப்டன் நீமோவும் கூட்டாளிகளும் ரூக்கைரோல் கருவியைத்தான் முதுகில் கட்டுகிறார்கள். மன்னார்க் கடலின் முத்துச் சிப்பித் திட்டில் இறங்கி நடக்கிறார்கள். அங்கே எந்தக் கருவியும் இல்லாமல், கல்லின் உதவியோடு மூழ்கிச் சிப்பி பொறுக்கும் ஓர் ஏழை இந்தியரைச் சுறா தாக்குகிறது. நீமோ கத்தியோடு பாய்ந்து அவரைக் காப்பாற்றி, ஒரு பை முத்தையும் கொடுத்து அனுப்புகிறார். பிறகு வந்த வேறொரு நாவலில் அந்த நீமோவே ஓர் இந்திய இளவரசர் என்று வெர்ன் எழுதினார்.

கதை கற்பனைதான். ஆனால் கருவியோடு மூச்சு விடுகிறவரும், மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பி பொறுக்குகிறவரும் ஒரே கடலில் நிற்கும் அந்தக் காட்சி பொய்யில்லை. நம் முத்துக்குளி முறை அதுதான். கல்லைப் பிடித்துக்கொண்டு பாரில் இறங்குவார்கள். (கடலடியில் சிப்பி படியும் பாறைத் திட்டுக்கு 'பார்' என்று பெயர்.) ஒரு நிமிடம் முன்னே பின்னே சிப்பி பொறுக்கி, கயிற்றை அசைத்தால் படகில் இருப்பவர் இழுப்பார். கயிறு பிடிப்பவர் மைத்துனராகத்தான் இருப்பார், தன் அக்கா தங்கையின் தாலியை நினைத்து ஒழுங்காக இழுப்பார் என்று ஒரு சொல்வழக்கு உண்டு. தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் மூழ்கினார்கள். தூத்துக்குடியில் பெரிய அளவில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்.

இனி கரி பஸ் கதை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, பஸ்ஸின் பின்னால் ஓர் உலை கட்டி, அடுப்புக்கரியை எரித்து, அதில் வரும் வாயுவால் எஞ்சினை ஓட்டினார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிரான்சிலும் அதே தட்டுப்பாடு, அதே வாயு வண்டிகள். எஞ்சின் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு வாயுவை மட்டும் விடும் ஒரு வால்வை எமில் காகனான் என்ற பொறியாளர் செய்து வைத்திருந்தார். 1942 டிசம்பரில் ழாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரி பாரிசில் அவரைச் சந்தித்தார். எஞ்சின் இழுப்பதைப் போலத்தானே மனிதனும் மூச்சை இழுக்கிறான்? அந்த வால்வையே இருவரும் மனித மூச்சுக்கு மாற்றினார்கள்.

1943இன் தொடக்கத்தில், குளிரில், பாரிசுக்கு அருகே மார்ன் ஆற்றில் கூஸ்தோ இறங்கிப் பார்த்தார். படுத்த வாக்கில் நீந்தினால் மூச்சு நன்றாக வந்தது. நிமிர்ந்து நின்றால் காற்று நிற்காமல் கொட்டி வீணானது. தலைகீழாக நின்றால் இழுக்கவே முடியவில்லை.

பிள்ளைகளே, இங்கே நிறுத்தி யோசியுங்கள். நான் வகுப்பில் கேட்பது போலக் கேட்கிறேன். ஒரே கருவி, ஒரே சிலிண்டர். ஆள் திரும்பினால் மட்டும் ஏன் மாறுகிறது?

திரும்பி வரும் வழியிலேயே இருவரும் விடை கண்டுபிடித்தார்கள். காற்றை உள்ளே விடும் சவ்வு ஓரிடத்தில் இருந்தது. விட்ட மூச்சு வெளியேறும் வால்வு வேறோர் இடத்தில் இருந்தது. ஆள் நிமிர்ந்தால் வெளியேறும் வால்வு சவ்வைவிட ஆறு அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டர் மேலே போய்விடுகிறது. மேலே நீர் அழுத்தம் குறைவு. கீழே சவ்வை அமுக்கும் அழுத்தம் அதிகம். ஆகவே யாரும் இழுக்காமலே சவ்வு குழிந்து வால்வு திறந்து காற்று கொட்டுகிறது. தலைகீழானால் எல்லாம் எதிர்மாறு. தீர்வு? வெளியேறும் வால்வைச் சவ்வுக்கு அருகிலேயே வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். நாம் இன்று ஸ்கூபா என்று சொல்லும் முக்குளிப்பு பரவியது இதற்குப் பிறகுதான்.

அடுத்த பெரிய மாற்றம் ஆஸ்திரேலியாவில் நடந்தது. மெல்போர்னைச் சேர்ந்த டெட் எல்ட்ரெட் 1950களின் தொடக்கத்தில் வேலையை இரண்டாகப் பிரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். சிலிண்டரின் கழுத்தில் ஒரு நிலை, வாயருகே ஒரு நிலை, நடுவில் ஒற்றைக் குழாய். இன்று உலகம் முழுக்கப் புழங்குவது இந்த அமைப்புதான்.

நம் பக்கத்துக் கடலுக்கும் கருவி நிஜமாகவே வந்து சேர்ந்தது. 1956இல் இலங்கையில் குடியேறிய அறிவியல் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையில் மூழ்கினார்கள். போர்த்துகீசியர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் கடலடியில் பார்த்தார்கள். நம் கரையில் 1947இல் தொடங்கிய மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மகாதேவன், நாகப்பன் நாயர் ஆகியோர் 1960களில் தூத்துக்குடிப் பார்களில் தாமே மூழ்கி, சிப்பியும் சங்கும் வாழும் இடத்தை நேரில் பார்த்து எழுதினார்கள். அதுவரை மூழ்குகிறவர் மேலே வந்து சொல்வதைக் கேட்டுத்தான் பெரும்பாலும் ஆராய்ச்சி நடந்தது. ஒரு நிமிட மூச்சில் பார்ப்பதற்கும் நிதானமாக அரை மணி நேரம் பார்ப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு!

சரி, இப்போது பேத்தியின் கேள்விக்கு வருவோம். ரெகுலேட்டர் என்றதும் அடுப்படி கேஸ் சிலிண்டர் தலையில் மாட்டுவது ஞாபகம் வரும். தத்துவம் ஒன்றுதான். அதற்குள்ளும் ஒரு ரப்பர் சவ்வு, ஒரு சுருள்வில், ஒரு நெம்புகோல், ஒரு வால்வு உண்டு.

ஸ்கூபாவில் சிலிண்டரின் கழுத்தில் இருக்கும் முதல் நிலை 200 மடங்கு அழுத்தத்தைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9 அல்லது 10 வளிமண்டல அழுத்தம் கூடுதல் என்ற அளவுக்கு இறக்குகிறது. இதை இடை அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். வாயில் கடிக்கும் இரண்டாம் நிலையில் உள்ளங்கை அகலச் சவ்வு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் கடல் நீர், மறு பக்கம் நம் மூச்சு. நாம் லேசாக இழுத்தால் சவ்வு குழிந்து நெம்புகோலை அழுத்தும். வால்வு திறந்து காற்று வரும். இழுப்பதை நிறுத்தினால் சுருள்வில் வால்வை மூடும்.

"லேசாக" என்றேனே, அது எவ்வளவு? வால்வு திறக்கத் தேவையான இழுப்பு, நன்றாகச் சரிசெய்த ரெகுலேட்டரில் இரண்டரை முதல் நான்கு சென்டிமீட்டர் தண்ணீர் உயரம். இளநீரில் ஸ்ட்ரா போட்டு நாலு விரற்கடை உயரம் இழுக்கிறோமே, அதைவிடக் குறைவு. கடலடியில் இருக்கும் ஒருவரின் நிம்மதி இந்தச் சின்ன அளவில் இருக்கிறது.

மூச்சு இழுக்கக் கஷ்டமாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். நெஞ்சுத் தசை களைக்கும். மூச்சு மேலோட்டமாகும். கரியமில வாயு உடம்பில் தங்கும். தலை வலிக்கும், படபடப்பு வரும், மேலே ஓடிவிடத் தோன்றும். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வருவதுதான் பேராபத்து. ஆழம் போகப் போகக் காற்றின் அடர்த்தியும் கூடுகிறது. 40 மீட்டரில் தரையில் இருப்பதைப் போல 5 மடங்கு. அவ்வளவு கனமான காற்று அந்தச் சின்ன வழியில் ஓட வேண்டும். மேலே சுமாராக இருக்கும் ரெகுலேட்டர் கீழே போனதும் கழுத்தை நெரிப்பது இதனால்தான். ஐரோப்பாவின் ஈ.என். 250 தரநிலை, 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் வேகத்தில் மூச்சு இழுத்து விட்டுச் சோதிக்கச் சொல்கிறது. அப்போதும் ஒரு லிட்டர் காற்றுக்கு 3 ஜூலுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஜூல் ஞாபகம் இருக்கிறதல்லவா? விசை பெருக்கல் தொலைவு!

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு தம்பி இப்போது கப்பலின் அடிப்பகுதியைச் சோதிக்கும் முக்குளிப்பு வேலையில் இருக்கிறார். ரெகுலேட்டர் பழுது பார்க்கவும் முறையாகப் பயிற்சி பெற்றவர். பொங்கலுக்கு வந்தபோது வண்டியில் சிலிண்டரும் ஒரு பழைய ரெகுலேட்டரும் இருந்தன. "சார், இது இழுக்கவே மாட்டேங்குது. அங்க மீட்டர் வச்சுப் பார்ப்போம். இங்க எப்படிக் காட்டுறது?" என்றார். பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. கொத்தனார் தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூபை வாங்கி வந்தோம். யூ வடிவில் வளைத்து, பாதிவரை நிறத்தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் என் பழைய அடிக்கோலை நிறுத்தினோம். ஒரு முனையை ரெகுலேட்டரின் வாய்க்கடியோடு சேர்த்து உதட்டில் கவ்விக்கொண்டு அவர் மெதுவாக மூச்சை இழுத்தார். 'உஸ்' என்று காற்று வரத் தொடங்கியபோது இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் 7 சென்டிமீட்டர் வித்தியாசம். இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அன்று அவர் செய்த வரிசையை, பழுது பார்க்கும் எல்லா வேலைக்கும் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

1. முதலில் எளிய காரணங்கள். சிலிண்டர் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா? காற்று போதுமான அளவு இருக்கிறதா? முதல் நிலையின் வாசலில் இருக்கும் சிறு வடிகட்டி சுத்தமா? அதில் பச்சை படிந்தால் உப்பு நீர் புகுந்து பித்தளை களிம்பேறியிருக்கிறது. செம்பழுப்பு படிந்தால் இரும்புச் சிலிண்டருக்குள் துரு.

2. அடுத்து இடை அழுத்தம். அளவுமானியை மாட்டிப் பார்க்க வேண்டும். முள் 9, 10க்குள் வந்து அசையாமல் நின்றால் முதல் நிலை நலம். குறைவாக இருந்தால் மூச்சு கடினமாகும். நின்ற முள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் முதல் நிலை வால்வின் இருக்கை தேய்ந்து கசிகிறது.

3. அதன் பிறகுதான் வாய்ப் பக்கம். நெம்புகோல் சவ்வைத் தொடும் உயரம் சரியா? சுருள்வில் அதிகம் இறுகியிருக்கிறதா? வால்வின் ரப்பர் இருக்கையில் ஆழமாகப் பள்ளம் விழுந்திருக்கிறதா?

4. மூச்சோடு தண்ணீர் வந்தால் வெளியேறும் வால்வில் மணல் அல்லது கிழிசல், அல்லது சவ்விலோ வாய்க்கடியிலோ ஓட்டை. முதல் நிலையின் வாசலை மூடியால் அடைத்துவிட்டு வாயால் இழுத்துப் பார்த்தால், காற்று எங்கிருந்தும் வரக் கூடாது.

இந்த வரிசையை மாற்றக் கூடாது. முதல் நிலை கசிந்தால் வாய்ப் பக்கம் 'உஸ்' என்று காற்று ஓடும். அனுபவம் இல்லாதவர் வாய்ப் பக்கத்துச் சுருள்வில்லை இறுக்கிச் சத்தத்தை நிறுத்திவிடுவார். சத்தம் நின்றுவிடும், நோய் நிற்காது. மூச்சு மட்டும் கடினமாகும். கண்மாய் மடையில் கசிவு இருக்கும்போது வயல் வாய்க்காலை அடைப்பது போலத்தான் இது.

தம்பியின் ரெகுலேட்டரில் இடை அழுத்தம் சரியாக இருந்தது. குற்றம் வாய்ப் பக்கம். யாரோ சுருள்வில்லை நன்றாக இறுக்கி வைத்திருந்தார்கள், ரப்பர் இருக்கையிலும் பள்ளம். இருக்கையை மாற்றி, நெம்புகோல் உயரத்தைப் பார்த்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். 5 ஆனது, 3 ஆனது, 2க்கு வந்ததும் தானாகவே 'உஸ்' சத்தம் கேட்டது. மறுபடி சிறிது இறுக்கி மூன்றரையில் நிறுத்தினார். "இன்னும் லேசா வைக்கலாமே?" என்றேன். "வேணாம் சார். ரொம்ப லேசா வச்சா தண்ணில குதிச்ச உடனே காத்து கொட்டிரும்" என்றார். மிகவும் லேசாக இருப்பதும் பழுதுதான். அளவாக இருப்பதுதான் சரி.

பிறகு ஒரு வாளித் தண்ணீரில் இன்னொரு சோதனை காட்டினார். வாய்க்கடியை மேலே பார்க்க வைத்து, சவ்வுப் பக்கத்தை மெதுவாகத் தண்ணீரில் இறக்கினார். சவ்வு மூன்றரை சென்டிமீட்டர் ஆழம் போனதும் தானாகக் காற்று வந்தது. வாயைக் கீழே திருப்பினார், நின்றது. மார்ன் ஆற்றில் கூஸ்தோவைத் திணறடித்த அதே மட்ட வித்தியாசம்! அன்று குற்றமாக இருந்ததை இன்று அளவுகோலாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பேச்சு அப்படியே சங்குகுளி மீனவர்கள் பக்கம் திரும்பியது. தூத்துக்குடியில் சங்கெடுக்கப் போகிறவர்களில் பலர் முதுகில் சிலிண்டர் கட்டுவதில்லை. படகில் ஒரு கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து நீளக் குழாய், குழாயின் முனை வாயில். 1864இன் பிரெஞ்சு முறையை நினைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அதே அமைப்பு. எஞ்சின் புகை கம்ப்ரசர் இழுக்கும் காற்றில் கலந்தால் கார்பன் மோனாக்சைடு நேராக நுரையீரலுக்குப் போகும். எஞ்சின் நின்றால் மூச்சும் நிற்கும். நீண்ட நேரம் ஆழத்தில் இருந்து சட்டென மேலே வந்தால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழி உண்டாகி மூட்டு வலி, கை கால் முடக்கம், சில சமயம் மரணம். பொழுதுபோக்குக்காக மூழ்குகிற சுற்றுலாப் பயணிக்குச் சோதித்த ரெகுலேட்டர் கிடைக்கிறது. வயிற்றுப் பாட்டுக்காகத் தினமும் மூழ்குகிறவருக்கு அது கிடைப்பதில்லை. வெர்ன் கதையில் இரண்டு பேர் ஒரே கடலில் நின்றார்களே, அந்த வேறுபாடு நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகும் தீரவில்லை.

அந்தத் தம்பி இப்போது விடுமுறை நாளில் தெரிந்த சங்குகுளி நண்பர்களுக்குக் காசு வாங்காமல் வால்வு, வடிகட்டி, கம்ப்ரசரின் காற்று வாசல் மூன்றையும் பார்த்துக் கொடுக்கிறார். புகைப்போக்கிக்கு எதிர்ப்பக்கமாக, காற்று வரும் திசையில் வாசலை உயர்த்தி வைக்கச் சொல்கிறார். இது ஒன்றுக்கே பலர் தலைவலி குறைந்தது என்கிறார்களாம். என் மாணவர் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமை.

நம் ஊருக்கும் ஒரு வார்த்தை. ரூக்கைரோல் இந்தக் கருவியைச் செய்தது பூமிக்கு அடியில் நச்சுக் காற்றில் சிக்கியவர்களுக்காக. நம் பக்கம் தூர்ந்துபோன கிணறுகள் எத்தனை! மோட்டாரை எடுக்க ஒருவர் இறங்கி மயங்கிவிழ, அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கி அவரும் விழுந்த செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம். விளக்கை இறக்கிப் பார்ப்பது பெரியவர்கள் வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கவே கூடாது. ஆனால் விளக்கு எரிகிறது என்பதற்காக நச்சு வாயு இல்லை என்று ஆகிவிடாது. முகத்தில் துணி கட்டுவதால் பயன் இல்லை. உடனே தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள். அவர்கள் முதுகில் கட்டிக்கொண்டு வருவதும் ரூக்கைரோல் வழியில் வந்த அதே மூச்சுக் கருவிதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என் மாணவர்களில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள், பாலிடெக்னிக்கில் சொல்லிக் கொடுப்பவர்கள், தூத்துக்குடி, ராமேசுவரம் பக்கம் வேலையில் இருப்பவர்கள் பலர் உண்டு. கம்ப்ரசரில் மூழ்குகிறவர் யாரையாவது தெரிந்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். ரெகுலேட்டரை நீங்களாகப் பிரிக்க வேண்டாம், அது பயிற்சி பெற்றவர் வேலை. அளந்து பார்க்க ஒரு மட்டக் குழாயும் ஓர் அடிக்கோலும் போதும். உதவி வேண்டுவோர் எனக்கு எழுதினால் அந்தத் தம்பியிடம் சொல்லிவிடுகிறேன்.

பேத்தி, உன் கேள்விக்குப் பதில் கிடைத்ததா? மறுபடியும் சந்தேகம் வந்தால் கேள். தாத்தாவுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்
குமாரலிங்கபுரம்